கோட்டுக்குள் ஒளிந்திருந்த இரண்டு நிமிடங்கள்

பேரணாம்பட்டு சாலையில் இருக்கிற ஒரு தோல் தொழிற்சாலையில் நெட்வொர்க் பார்த்துக்கொள்வது என் வேலை. எந்த மூலையில் எந்தக் கம்ப்யூட்டர் நின்றுபோனாலும் முதல் திட்டு எனக்குத்தான் விழும். அதிலிருந்து தப்பிக்கவே ஒரு கண்காணிப்பு மென்பொருளைப் போட்டு வைத்திருந்தேன். அது நிமிடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு கருவியையும் கூப்பிட்டுப் பார்க்கும். பதில் வந்ததா இல்லையா என்று ஒரு கோப்பில் குறித்துக்கொள்ளும். பிறகு அதையெல்லாம் ஒரு கோடாக வரைந்து படமாகக் காட்டும். யார் சண்டைக்கு வந்தாலும் அந்தப் படத்தை அச்செடுத்து மேசைமேல் போடுவேன். கோடு நேராக இருந்தால் தப்பு என்னுடையதில்லை. எனக்கு அதில் நல்ல திமிர் இருந்தது.

அந்தத் திமிரால் ஒரு பெண்ணின் வேலையே போக இருந்தது.

கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பிரிவில் ஒரு பெண் சேர்ந்திருந்தாள். நாட்றம்பள்ளிப் பக்கம், விவசாயக் குடும்பம், வீட்டில் முதல் பட்டதாரி, வேதியியல் படித்தவள். ஐந்து மாதம் முடிந்திருந்தது. ஆறாவது மாதம் நிரந்தரம் ஆக வேண்டும். வெளியேறும் தண்ணீரை அளக்கும் மீட்டர் அவள் பொறுப்பு. மீட்டரின் அளவு அவள் அறையில் சுவரில் மாட்டியிருந்த சின்ன நெட்வொர்க் பெட்டி வழியாக அலுவலகத்துக்கு வரும். அப்படி வந்த பதிவில் அங்கங்கே இரண்டு நிமிடம் காலியாக இருந்தது. எங்களிடம் தோல் வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஆய்வுக்கு வந்தால் முதலில் அந்த ஓட்டைகளைத்தான் பார்ப்பார்கள். மீட்டரைக் கழற்றிவிட்டு அழுக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டார்களோ என்று சந்தேகம் வரும்.

மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"நான் எதையும் தொடல சார்," என்றாள் அவள். "பக்கத்துல சுண்ணாம்பு டிரம் ஓட ஆரம்பிச்சா அந்தப் பொட்டில லைட்டு அணைஞ்சு அணைஞ்சு எரியுது." தோல்களைச் சுண்ணாம்பில் போட்டுச் சுழற்றும் பெரிய பீப்பாயைச் சொன்னாள்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். "இன்னாப்பா சொல்றே?"

நான் அச்செடுத்த படத்தை நீட்டினேன். ஒரு மாதக் கோடு, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி. "லைன் சுத்தமா இருக்கு சார். டிரம்முக்கும் நெட்வொர்க்குக்கும் சம்பந்தமே இல்ல" என்றேன். அத்தோடு முடிந்தது. அன்றைக்கே அவளுக்கு மெமோ கொடுத்தார்கள். இனி எந்தக் கேபிளையும் தொடக்கூடாது, மூன்று வாரத்தில் விசாரணை, விளக்கம் சரியில்லை என்றால் வீட்டுக்குப் போகலாம் என்று அதில் இருந்தது.

அந்த வாரமே நான் கிராஃப்களை மாற்ற ஆரம்பித்தேன். அவளுக்காக என்று சொன்னால் பொய். டீக்கடையில் ஒரு தோஸ்த் தன் போனில் பங்குச்சந்தைக் கோட்டை விரலால் இழுத்து விரித்துக் காட்டினான். ஒரு வருடத்தைக் கிள்ளினால் ஒரு நாள் வந்தது, ஒரு நாளைக் கிள்ளினால் ஒரு மணி நேரம் வந்தது. நம் கோடு மட்டும் ஏன் செத்த படமாகக் கிடக்கிறது என்று எனக்கு அரித்துக்கொண்டே இருந்தது. பிரவுசரிலேயே உயிரோடு வரைய வேண்டும், மவுஸை வைத்த இடத்தில் நேரமும் அளவும் தெரிய வேண்டும், இழுத்தால் விரிய வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தையெல்லாம் அதற்கே கொடுத்தேன்.

முதல் முயற்சியில் ஒரு மாதத்து நிமிடங்கள் அத்தனையையும் ஒரே மூச்சில் பிரவுசருக்குள் கொட்டினேன். நாற்பதாயிரத்துச் சொச்சம் புள்ளிகள். திரை அப்படியே உறைந்துபோனது. பழைய மென்பொருள் இதை எப்படிச் சமாளித்தது என்று அதன் உள்ளே புகுந்து பார்த்தேன். அது சமாளிக்கவே இல்லை. ஒரு மணி நேரத்தைக் கூட்டிச் சராசரி எடுத்து ஒரே புள்ளியாக வைத்திருந்தது. அறுபது நிமிடத்தில் இரண்டு நிமிடம் பதில் இல்லாவிட்டால் அந்தப் புள்ளி ஒரு மயிரிழை கீழே இறங்கும், அவ்வளவுதான். நான் ஆறு வருடமாக எல்லோர் வாயையும் அடைத்த கோடு இதுதான்.

கண்ணுக்குத் தெரியும் பகுதிக்கு வேண்டியதை மட்டும் கோப்பிலிருந்து எடுத்து, விரிக்க விரிக்க நிமிடக் கணக்கில் காட்டும்படி மாற்றி எழுதினேன். சோதித்துப் பார்க்க, கையில் கிடைத்த கோடாக அந்தச் சுத்திகரிப்பு அறையின் பெட்டியைத் திறந்தேன். ஒரு நாளை இழுத்து விரித்தேன். நேர்கோடு உடைந்து பல் போன சீப்பாக நின்றது. மீட்டர் பதிவை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதில் எந்தெந்த நிமிடம் காலியோ, அதே நிமிடங்களில் என் பெட்டியும் பதில் சொல்லவில்லை. மீட்டரை யாரும் தொடவில்லை. லைனே விழுந்து எழுந்திருக்கிறது.

சரி, ஏன் விழுகிறது? இந்தக் கேள்வி வந்தபிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. டிரம் கொட்டகையின் கரண்ட் மீட்டரும் நெட்வொர்க்கில்தான் இருந்தது. அதன் கிராஃபைக் கீழே வைத்தேன். மேலே மவுஸ் நகர்ந்தால் கீழேயும் அதே நேரத்தில் ஒரு செங்குத்துக் கோடு கூடவே நகரும்படி செய்தேன். கீழே கரண்ட் எகிறும் ஒவ்வொரு இடத்திலும் மேலே ஒரு பள்ளம். சுண்ணாம்பு டிரம் ஓட ஆரம்பிக்கும் நேரங்கள் அவை. டிரம்மின் இழுப்பில் மின்சாரம் குறைந்து பெட்டி அணைகிறதோ என்று பார்த்தால், பெட்டி எண்பது நாளாக அணையவே இல்லை என்று அதன் உள்பதிவே சொன்னது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. மெமோ கொடுத்த மறுநாள் பதினொரு நிமிடப் பள்ளம் ஒன்று. அப்போது டிரம் ஓடவில்லை. அதற்குப் பிறகு நான்கு நாள் ஒரு பள்ளமும் கிடையாது. ஐந்தாம் நாளிலிருந்து மறுபடி பழைய கதை. "மெமோ குடுத்ததும் நாலு நாளு ஒழுங்கா இருந்துச்சு பாத்தியா" என்று மேனேஜர் என்னிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். பயந்து அடங்கியிருந்தாள் என்பது அவர் கணக்கு.

விசாரணைக்கு மூன்று நாள் முன்பு அந்த அறைக்குப் போனேன். சுவருக்கு அந்தப் பக்கம் டிரம், இந்தப் பக்கம் என் பெட்டி. டிரம் சுழல ஆரம்பித்ததும் சுவரில் வைத்த கை அதிர்ந்தது. பெட்டியில் கேபிள் இணைப்பைக் காட்டும் பச்சை விளக்கு மட்டும் அணைந்தது. கேபிளைக் கழற்றி அதன் தலையைப் பார்த்தேன். பளபளவென்று இருக்க வேண்டிய கம்பிகள் கரி பூசியது போல் இருந்தன.

"இங்க வெள்ளிக் கொலுசு போட்டுட்டு வந்தா ஒரே வாரத்துல கறுத்துடும் சார்," என்றாள் அவள். "முடி எடுக்க டிரம்முல சல்பைடு போடறாங்க இல்ல, அந்தக் காத்து. செம்பையும் விடாது."

கறுத்துப்போன கம்பி, அதிரும் சுவர். தொட்டும் தொடாமலும் இருந்த லைன், சுவர் ஆடும்போதெல்லாம் விட்டுப்போயிருக்கிறது. கேபிள் தலையை மாற்றி, பெட்டியையும் எதிர்ச் சுவருக்கு மாற்றினேன். பிறகு அந்தப் பதினொரு நிமிடத்தைப் பற்றிக் கேட்டேன். அவள் வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நான்தான் சார். நீங்க யாரும் வர்ற மாதிரி தெரியல. கழட்டி பென்சில் ரப்பரால தேச்சு மாட்னேன். காலேஜ் லேப்ல அப்டித்தான் பண்ணுவோம். தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க. மெமோவுக்கு அப்புறம் தொட்டேன்னு தெரிஞ்சா அதுக்கே அனுப்பிடுவாங்க."

சரி என்றேன். பழைய படமாக இருந்திருந்தால் அந்த நாளை விட்டுவிட்டு வேறு நாளை அச்செடுத்துக் கொடுத்திருக்கலாம். இப்போது நான் செய்து வைத்திருப்பதோ கை இழுத்த பக்கமெல்லாம் போகும் கிராஃப்.

விசாரணையில் அதைப் பெரிய திரையில் போட்டு, டிரம்மையும் பள்ளங்களையும் காட்டி, கறுத்த கேபிள் தலையையும் மேசைமேல் வைத்தேன். மேனேஜர் ரசித்துவிட்டார். "நல்லாருக்கேப்பா, இப்டி குடு" என்று மவுஸை வாங்கிக்கொண்டார். இழுத்தார், விரித்தார், சுருக்கினார், பொம்மை கிடைத்த குழந்தை கெட்டது. முன்னும் பின்னும் போனவர் சரியாக அங்கே வந்து நின்றார்.

"இது இன்னா பதினோரு நிமிஷம்? டிரம் ஓடலியே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். "நான்தான் சார் கழட்னேன்."

மேனேஜர் மவுஸை வைத்துவிட்டார். அவர் முகம் மாறியதைப் பார்த்துப் பதறிப்போய் நான் எழுந்து மவுஸை எடுத்தேன். அடுத்த நான்கு நாட்களையும் விரித்தேன். "கறுப்பத் தேச்சு எடுத்திருக்காங்க சார். பயந்து அடங்குன நாலு நாளுன்னு நீங்க சொன்னீங்களே, இதான் அது. ரப்பர் நாலு நாளு தாங்கியிருக்கு. இது நான் பண்ண வேண்டிய வேலை."

அவர் நான்கு நாட்களையும் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தார். பிறகு ஃபைலிலிருந்து மெமோவை எடுத்து, குறுக்கே கோடு போட்டு ரத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்தப் பொண்ணு முதல் நாளே டிரம்முன்னு சொல்லுச்சு," என்று அவர் என் பக்கம் திரும்பினார். "உன் ரூம்லேர்ந்து பத்து நிமிஷ நடை. இவ்ளோ பேஜார் எதுக்கு? அன்னிக்கே ஏன்பா போய் பாக்கல?"

வேலை ஜாஸ்தி சார் என்ற பதில் நாக்கு நுனியில் இருந்தது. அவள் எதிரிலேயே நின்றுகொண்டிருந்ததால் அது வெளியே வரவில்லை.

"அங்க நாத்தம் சார்," என்றேன்.

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். அடுத்த ரீடிங் எடுக்க நேரமாகிவிட்டது என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு, அந்த அறைக்கே திரும்பிப் போனாள்.