ஜாக்கிலிருந்து உருண்ட ஜீப்

குண்டசாலையில் எங்கள் வீட்டு முற்றம் கேட் பக்கமாகச் சரிந்திருக்கும். அன்று காலை என் கணவர் அங்கேயே ஜீப்பின் பின்பக்கத்தை ஜாக்கில் தூக்கிவைத்து, பின் அச்சின் நடுவிலுள்ள டிபரன்ஷல் கியர்ப் பெட்டிக்கு ஒயில் மாற்ற அடியில் படுத்தார். ஒயில் ஊற்றும் துளையின் மூடி இறுகிப்போயிருந்தது. ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி முழுப் பலத்தோடு இழுத்தார். ஜீப் ஆடியது.

"என்னங்க, ஜாக் சாயுது! வெளிய வாங்க!"

"சும்மா இரு, இந்தா கழருது."

பக்கவாட்டில் நீட்டியிருந்த அவருடைய கால்களைப் பிடித்து இழுத்தேன். அவர் என்னை உதைத்தார். மறுபடி இழுத்தபோது ஜாக் தெறித்தது. ஜீப் தடாலென்று விழுந்து பின்னோக்கி உருண்டது. அவர் உடம்பு வெளியே வந்துவிட்டது. வலது கை மட்டும் அகப்பட்டது. முன்சக்கரம் அதன்மேல் ஏறி இறங்கியபோது எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. ஜீப் கேட்டைப் பிய்த்துக்கொண்டு வீதியில் போய் நின்றது.

ஹேண்ட்பிரேக் போட்டுத்தான் இருந்தது, ஆனால் அது பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். அவற்றைத் தூக்கிவிட்டால் வண்டியை நிறுத்த ஒன்றுமில்லை என்பது பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. விழுந்து உருளத் தொடங்கிய ஜீப்பை அந்தத் தேய்ந்த பிரேக்கால் பிடிக்கவும் முடியவில்லை.

கை ஓரளவு சரியாகிவிட்டது. இன்றும் அவரேதான் ஒயில் மாற்றுகிறார், ஆனால் சமதரையில். முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, ஜாக்கை மட்டும் நம்பாமல் ஜீப்பை இரும்பு ஸ்டாண்டுகளில் நிறுத்துகிறோம். பிறகு நான் தோள் கொடுத்துப் பலமாகத் தள்ளிப் பார்ப்பேன். அது அசையாவிட்டால்தான், "இப்ப போங்க" என்பேன்.