பக்கத்து வீட்டுக்குக் கேட்காத கிட்டார்

போன வாரம் இந்த இடத்தில் என் பத்தி வரவில்லை. கவனித்தீர்களா? கவனிக்கவில்லை என்றால் தயவுசெய்து பொய்யாவது சொல்லுங்கள்... மனம் குளிரும்.

காரணம் இடது கை. எழுதுவது வலது கையால்தானே என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் கிட்டார் வாசித்துப் பிழைக்கிறவளுக்கு இடது கை நொந்தால், வலது கைக்கும் எழுத மனம் வராது.

பெருவிரல் அடியில் ஒரு நோவு. தேங்காய்ப்பூப் பிழிய முடியாது. ஜாம் போத்தல் மூடியைத் திறக்க முடியாது. டொக்டரிடம் போனேன். "எலும்பில ஒண்டும் இல்ல. கொஞ்ச நாளைக்குக் கைக்கு ஓய்வு குடுங்க" என்றார். ஓய்வா? நல்ல நேரம் பார்த்தீர்கள், டொக்டர்!

இன்சூரன்ஸ் ஒப்பிஸ் வேலையை விட்டுவிட்டு 'சுயாதீனக் கலைஞர்' ஆனவள் நான் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். சுயாதீனம் என்றால் என்ன? லீவு கேட்க ஆள் இல்லை... லீவும் இல்லை. கல்யாணம், பிறந்தநாள், சூம் வகுப்பு என்று ஓடிக்கொண்டிருந்தவளைப் பாசிக்குடாப் பக்கம் ஒரு ஹோட்டலில் இருந்து கூப்பிட்டார்கள். சீசன் முழுக்க, வார இறுதி மாலைகளில், தனியாக உட்கார்ந்து கிட்டார் மட்டும். பாண்ட் குழு இல்லை, பாட்டுக்காரர் இல்லை. முதலில் ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டும். கிடைத்தால் இந்தத் தொழிலில் காலூன்றலாம். கிடைக்காவிட்டால் பழைய ஒப்பிஸ் கதிரைதான்.

நோவோடு போய் வாசித்தேன். அங்கே இசைக்குப் பொறுப்பானவர் ஃபாஸில் — ஓட்டமாவடித் தம்பி, மரியாதையானவர். இரண்டாவது பாட்டிலேயே நெளிந்தார்.

"அக்கா, கோவிக்காதீங்க... சுருதி சேரல்ல போல இரிக்கி."

டியூனரைப் பார்த்தேன். ஆறு கம்பிக்கும் பச்சை விளக்கு — சுருதி சரி என்றது. திரும்ப வாசித்தேன். திரும்பவும் காதுக்குப் புளித்தது — எனக்கே கேட்டது! கல்யாண மேடைச் சத்தத்தில் அமுங்கிப் போகிற பிசகு, அந்த நல்ல மைக்கில் அப்படியே வெளியே வந்துவிட்டது. 

"வாற வெள்ளி இன்னொருக்கா வாங்க அக்கா. பிறகு முடிவு சொல்றன்" என்றார்.

வீட்டுக்கு வந்து என்ன செய்தேன்? எங்கள் வாத்தியக்கார ஆட்கள் எல்லோரும் செய்வதுதான். இன்னும் கூடுதலாக வாசித்தேன். இன்னும் இறுக்கிப் பிடித்தேன். கை வீங்கியதுதான் மிச்சம்.

"டொக்டர் என்ன சொன்னவர், நீ என்ன செய்யிறாய் கா?" என்று என் கணவர் அன்ரன் தலையில் கை வைத்தார்.

இந்த நேரத்தில்தான், செவ்வாய்க்கிழமை விடிய, பக்கத்து வீட்டுச் சூசை மாமா மோசம் போய்விட்டார்.

தன்னாமுனையில், எங்கள் ஒழுங்கையில் செத்த வீடு என்றால் தெரியும்தானே? வெள்ளைக்கொடி கட்டியதும் ரேடியோ, டிவி எல்லாம் வாய் மூடிவிடும். அடக்கம் முடிந்தாலும், செத்தவருக்காகக் கோயிலில் பூசை ஒப்புக்கொடுக்கும்வரை பாட்டுச் சத்தம் கூடாது. யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஜன்னலுக்கும் அவர்கள் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு முருங்கை மரம்தான். பூசை ஞாயிறு. என் சோதனை வெள்ளி.

அவர் மனைவி பிலோமினா மாமி என்னைக் கட்டிப்பிடித்துக் கதறினா. நானும் அழுதேன், சூசை மாமா அவ்வளவு நல்ல மனிதன். ஆனால் அழுதுகொண்டே மனதுக்குள் என்ன நினைத்தேன் தெரியுமா? ஐயோ, வெள்ளிக்கு எப்படிப் பழகப் போகிறேன்! சீ... நானும் ஒரு மனுசியா என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

செத்த வீட்டு ஆட்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, பின்னேரம் வந்து அறைக் கதவைச் சாத்தினேன். கம்பிகளுக்கு அடியில் ஒரு கைக்குட்டையைச் செருகினேன். மாமிக்குக் கேட்டால் மானம் போய்விடும். விரல் கம்பியில் பட்டும் படாமலும்... அப்பம் வெந்ததா என்று தொட்டுப் பார்ப்போமே, அந்த அளவுக்கு. சத்தம் என் மடியைத் தாண்டவில்லை.

கொஞ்ச நேரம் போனது. ஏதோ ஒன்று குறைகிறதே என்று தோன்றியது. என்ன குறைகிறது?

நோவு!

கிட்டார் தலையில் மாட்டியிருந்த டியூனரைப் பார்த்தேன். முள் நடுவில் நேராக நின்றது. வழமைபோல அழுத்திப் பிடித்தேன் — முள் வலப்பக்கம் ஓடியது. தளர்த்தினேன் — நடுவுக்கு வந்தது. அழுத்தினேன்... திரும்பவும் ஓடியது.

யேசுவே!

விரல் வைக்காமல் மீட்டினால் சுருதி சரி. நான் விரலை வைத்து நசுக்கியதும் கம்பி இழுபட்டு, ஸ்வரம் கொஞ்சம் மேலே ஏறிவிடுகிறது. கையை நோகப் பண்ணியதும் அதே நசுக்கல்தான். ஒரே கள்ளன், இரண்டு வீட்டில் களவு.

எங்கே பழகினேன் இதை? கோயில் பாடகர் குழுவில்தான். முழுக் கோயிலும் சேர்ந்து பாடும்போது, மைக் இல்லாத என் கிட்டார் கேட்க வேண்டாமா? வலது கையால் ஓங்கி அடித்தேன். கூடவே இடது கையும் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தப் பழகிவிட்டது. சத்தம் வருவது வலது கை அடிக்கிற அடியில். அது கத்தினால் இது ஏன் இறுக வேண்டும்? இத்தனை வருடத்தில் ஒருநாளும் நான் யோசிக்கவே இல்லை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்ரன் ஓடி வந்தார்.

"என்ன கா, சரியா நோவுதா?"

"நோகல்ல! கொஞ்சமும் நோகல்ல!"

அதையும் குசுகுசுவென்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சந்தோசப்பட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சரியான கஷ்டம்.

வெள்ளிக்கிழமை போனேன். 'மெல்ல, மெல்ல' என்று ஒவ்வொரு விரலுக்கும் சொல்லிக்கொண்டே வாசித்தேன். ஒரு பாட்டின் நடுவில் பயம் வந்து கை பழையபடி இறுகியது. காதுக்குப் புளித்தது, உடனே தளர்த்தினேன். முடிந்ததும் ஃபாஸில் வந்து கிட்டாரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அக்கா, புதுக் கிட்டாரா?"

"இல்ல தம்பி, அதேதான்."

"அப்ப வாற கிழமையில இரிந்து வாங்க. இதையே கொண்டு வாங்க."

அப்பாடா! பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஒழுங்காக மூச்சே வந்தது. ஒப்பிஸ் கதிரையில் வேறு யாராவது உட்காரட்டும்.

கிட்டார் பழகுகிறவர்கள் இதை இன்றைக்கே செய்து பாருங்கள். ஒரு கம்பியை வழமைபோல அழுத்தி மீட்டுங்கள். பிறகு விரலை மெல்ல மெல்லத் தளர்த்துங்கள். ஓரிடத்தில் 'கிர்' என்று கரகரக்கும். அதைவிட ஒரு மயிரிழை கூடுதலாக அழுத்தினால் போதும். 

தொழிலையும் நான் இப்படித்தான் பிடித்திருக்கிறேனோ என்று இப்போது சந்தேகம். காலையில் ஒரு வீடியோ, பின்னேரம் ஒரு வீடியோ. ஹோட்டல்காரர்களுக்கு விடாமல் மெசேஜ். கூப்பிட்ட கல்யாணத்துக்கெல்லாம் 'ஓம், வாறன்'. பிடி தளர்ந்தால் எல்லாம் விழுந்துவிடும் என்ற பயம்தான்... வேறென்ன?

பூசை முடிந்த அன்று பின்னேரம், பிலோமினா மாமி முருங்கை மரத்தடியில் வந்து நின்றா.

"என்ன புள்ள, உன்ட கிட்டார் சத்தத்தையே காணல்ல? வீடு ஒரே அமைதியாக் கிடக்கு... இருக்க ஏலாம கிடக்கு கா. கொஞ்சம் சத்தமா வாசி."

சத்தமாகத்தான் வாசித்தேன் — வலது கையால் மட்டும்.