மகனுக்கு ஜினெட் போட்ட மார்க்

ஜினெட் லாம்பேருக்கு ஐஸ் ஹாக்கி பார்க்கக் கண் தேவையில்லை. மூடிக்கொண்டால்தான் நன்றாகத் தெரியும். ஹர்ஸ்ட் ஊர் மர ஆலை கேன்டீனில் உருளைக்கிழங்கு தோல் சீவியபடியே கண்ணை மூடுவாள். நேற்று அணி மாறிய ஆட்டக்காரனைப் புது அணியின் பனித்தளத்தில் இறக்கிவிடுவாள். அவன் பாட்டுக்குச் சறுக்கிக்கொண்டு போவான். யாரோடு ஒத்துப்போகிறான், எங்கே மூச்சு வாங்குகிறான், எல்லாம் தெரிந்துவிடும். கை மட்டும் நிற்காமல் சீவிக்கொண்டிருக்கும்.

அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ளக் கெடு, மார்ச் மாதத்தில் ஒருநாள் பிற்பகல் மூன்று மணியோடு முடியும். மூன்றேகாலுக்கு உள்ளூர் வானொலி அறிவிப்பாளன் ரேஜான் நேரலையிலேயே கேன்டீனுக்குப் போன் போடுவான்; பேசுவது கேன்டீன் ரேடியோவிலும் கேட்கும். எந்த அணி கெட்டிக்காரத்தனமாக ஆள் எடுத்தது, எது ஏமாந்தது, தோற்றால் வெளியேற வேண்டிய பிளேஆஃபில் எது எத்தனை சுற்றுத் தாங்கும் என்று ஜினெட் பத்துக்கு மார்க் போடுவாள். பதினோரு வருஷமாக இது நடக்கிறது. கோட்டு சூட்டு போட்டு டிவியில் கத்துகிறவர்களைவிட இந்தச் சமையல்காரி சொன்னதுதான் அதிகம் பலித்திருக்கிறது. சொந்த மகன் பாஸ்கலுக்கு மட்டும் அவள் மார்க் போட்டதில்லை. பன்னிரண்டு வருஷமாகக் கடலோர அணியின் தடுப்பாட்டக்காரன் அவன். யாரும் அவனை விட்டுக்கொடுத்ததில்லை, அதனால் அந்தச் சங்கடமும் வந்ததில்லை.

இந்த வருஷம் வந்தது. போனில் ரேஜான் இழுத்தான்.

"ஜினெட் அக்கா... பாஸ்கலத் தெற்கத்தி அணி எடுத்துக்கிச்சு. கடைசி நிமிஷத்துல. வேணாம்னா இத விட்டுரலாம்."

சூப் குடித்துக்கொண்டிருந்த ஆலைக்காரர்கள் ஸ்பூனைக் கீழே வைத்தார்கள். மர லாரி ஓட்டும் கில் மட்டும் சிரித்தான். "பெத்த புள்ளைக்குப் பத்துக்குப் பதினொண்ணு போடுவா பாருங்க."

"நீ சூப்பக் குடிடா," என்றாள் ஜினெட். "ஊரான் புள்ளைங்களுக்கெல்லாம் மூஞ்சிக்கு நேரா மார்க் போட்டவ நான். இவன விட்டா நல்லாவா இருக்கும்?"

கண்ணை மூடினாள். தெற்கத்தி அணியின் பனித்தளத்தில் மகனை இறக்கினாள். வந்தது ஏழு வயசுப் பாஸ்கல். அப்பாவின் கம்பளித் தொப்பி பாதிக் கண்ணை மறைக்க, மூக்கு ஒழுக, உறைந்த ஏரியில் பறந்துகொண்டிருந்தான். கரையே தெரியவில்லை. எங்கு பார்த்தாலும் வெள்ளை, நடுவில் அந்தச் சிவப்புத் தொப்பி. இவனுக்குப் பத்துக்குப் பத்துதான். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் தெற்கத்தி அணி எடுத்தது இந்தப் பையனை இல்லையே.

"கொஞ்சம் இரு ரேஜான்."

அந்த ஏரியைவிட்டு வர அவளுக்கு மனசே இல்லை. இருந்தும் பையனை ஒவ்வொரு வயசாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். பன்னிரண்டில் முன்பல் போனது. இருபதில் தாடி வந்தது. முப்பத்தி நாலில் அவன் இடப்பக்கம் திரும்பினான். திரும்ப அரை நொடி கூடுதலாக ஆனது. அதற்குள் இளவட்டங்கள் அவனைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

"நாலு," என்றாள். "திரும்ப நேரமாகுது அவனுக்கு. மூணு வருஷம் முன்னாடி எடுத்திருக்கணும். தெற்கத்தி அணி முதல் சுத்தோட மூட்டை கட்டிரும்."

கில் குனிந்து சூப்பைக் குடித்தான். ஜினெட் மறுபடி கிழங்கை எடுத்தாள். இந்தத் தடவை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே சீவினாள்.

நாலு மணிக்குப் பாஸ்கல் கூப்பிட்டான். விமான நிலையத்தில் இருந்தான்.

"ரேடியோவ போன்ல கேட்டேம்மா. நாலுதானா?"

"மூணரை போடலாம்னுதான் பாத்தேன். அம்மாவாச்சே, அரை மார்க் சேத்தேன்."

சிரித்தான். "கோச்சு, ஏஜென்ட்டு, எல்லாரும் 'அப்படியே இருக்கே, அப்படியே இருக்கே'ன்றாங்க. எனக்கு மட்டுந்தான் தெரியுதோன்னு பயந்துட்டே இருந்தேன். நீ சொன்னப்புறந்தான் மூச்சே வந்துச்சு."

"கோவம் இல்லியே?"

"முதல் சுத்தோடன்னா மே மாசம் நான் வீட்ல இருப்பேன்ல?"

"இருப்பே."

"அப்ப படகத் துடைச்சு வைம்மா. ஏரி உருகினதும் மீன் புடிக்கப் போலாம்."

போனை வைத்துவிட்டு ஜினெட் ஜன்னலோரம் நின்றாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. தன் கணிப்பு பலிக்க வேண்டும் என்று பதினோரு வருஷத்தில் அவள் ஒருநாளும் சாமியிடம் கேட்டதில்லை. இன்று கேட்டாள். மகன் முதல் சுற்றிலேயே தோற்றுவிட வேண்டும் என்று கேட்டாள்.