டாக்டரின் டார்ச்சில் நான் மாட்டிய பல்பு

1958 வாக்கில், அவரைக்காய் சீசனில் ஒரு காலை நேரம். பெங்களூர் மல்லேஸ்வரத்தில் எங்கள் தெருக்கோடி டாக்டரின் கிளினிக்கில் நடந்தது இது.

எனக்கு அப்போதும் இப்போதும் ஒரு பைத்தியம் உண்டு. டார்ச் லைட்டைக் கண்டால் பிரித்துப் போட்டுவிடுவேன். ஸ்பிரிங்கை இழுத்துவிடுவது, தகட்டைச் சுரண்டுவது, பல்பை மாற்றிப் பார்ப்பது. தெருவில் பாதி டார்ச்சுகள் என் கை பட்டவை. மீதிப் பாதியின் சொந்தக்காரர்கள் உஷாரானவர்கள்.

கன்னடக்காரரான அந்த டாக்டர், முந்தின வாரம் மூன்று பேட்டரிக் கட்டை போடும் தன் டார்ச்சைக் கொடுத்து, சுவிட்ச் ஆடுகிறது, பாருங்கள் என்றார். சரிசெய்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டு கட்டை டார்ச்சுக்கான பல்பை அதில் மாட்டினால் வெளிச்சம் பால் போல அடிக்கும், ஆயுசுதான் குறைவு. அவரிடம் சொல்லாமலே மாட்டிக் கொடுத்தேன். வெளிச்சத்தைப் பார்த்து அவர் வாயைப் பிளந்தார். நான் இரண்டு நாள் தரையில் நடக்கவில்லை.

அன்று வீட்டில் எல்லோரும் அந்த ஊர் அவரைக்காயை, அதாவது நம் மொச்சையை, உரித்துக்கொண்டிருந்தோம். என் நான்கு வயது மகள் ஒரு பருப்பை மூக்கில் ஏற்றிக்கொண்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒரு காலில் என் செருப்பு, மறுகாலில் மனைவியின் செருப்பு. மீதி இரண்டையும் மாட்டிக்கொண்டு அவள் பின்னால் ஓடி வந்தாள்.

கிளினிக்கில் டாக்டர் மூக்குக்குள் பார்க்க டார்ச்சை அழுத்தினார். பளீரென்று ஒரு வெளிச்சம், அவ்வளவுதான், அணைந்துவிட்டது.

"அழ விடாதீங்கம்மா. மூச்சை இழுத்தா பருப்பு உள்ளே போயிடும்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, டார்ச்சை என்னிடம் நீட்டினார். "ஏன்ரீ, என்ன ஆச்சு இதுக்கு?"

திருகிப் பார்த்தேன். பல்பு கருகியிருந்தது. பழைய பல்பு வீட்டில், மேசை டிராயரில். நான் அவசரமாகக் கவிழ்த்ததில் மூன்று கட்டைகளும் நழுவி பெஞ்சுக்கு அடியில் உருண்டன. நானும் பின்னாலேயே தவழ்ந்தேன். பல்பு போனதற்குக் கட்டைகளைப் பிடித்து என்ன செய்வதாக உத்தேசம் என்று யாரும் கேட்கவில்லை, நல்லவேளை.

பெஞ்சில் ஒரு கையில் கட்டுப் போட்டுக்கொண்டு ஒரு பூக்காரம்மா காத்திருந்தார்.

"எழுந்திரு சார். வாசல்ல இவ்ளோ வெயில் கொட்டுது, நீ இன்னாத்துக்குத் தரையிலே தேடறே? அந்தக் கண்ணாடியை எடுத்து வெயில்ல புடி."

சுவரில் தொங்கிய கண்ணாடியைக் கழற்றி வாசலில் நின்று பிடித்தேன். வெளிச்சம் டாக்டரின் வழுக்கையில் ஏறியது, காலண்டரில் குதித்தது, என் மகளின் மூக்கைத் தவிர எல்லா இடத்துக்கும் போய்வந்தது.

"இப்படிக் குடு. நீ கண்ணாடி புடிக்கலே, கரகம் ஆடறே."

கட்டில்லாத கையால் அவர் வாங்கிப் பிடித்தார். வெளிச்சம் அசையாமல் நின்றது. டாக்டர் வளைந்த கம்பி ஒன்றால் பருப்பை மெல்ல வெளியே இழுத்தார். அதன் பிறகுதான் மகள் அழுதாள். நானும்.

பல்பு விஷயத்தை அப்போதே ஒப்புக்கொண்டேன். டாக்டர் கோபப்படவில்லை.

"வெளிச்சம் போதலைன்னு நான் உங்ககிட்டே சொன்னேனா ரீ?" என்று மட்டும் கேட்டார்.

பூக்காரம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டார்ச் பிரிக்கும் பைத்தியம் இன்னும் தெளியவில்லை. ஆனால் ஒன்று: அன்று அங்கே இருந்தது என் மகள் என்பதால்தான் என் தப்பு எனக்குத் தெரிந்தது, வேறு யார் வீட்டுக் குழந்தையாவது இருந்திருந்தால், நான் வீட்டில் உட்கார்ந்து என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டிருந்திருப்பேன் என்று நினைக்கும்போதெல்லாம், பிரித்த டார்ச்சைப் பழைய பல்போடேயே மூடி வைத்துவிடுகிறேன்.