கடல் திறந்த கிணறு

இன்று காலை, கடல் அரித்த கரையில் ஒரு சுடுமண் வளையம் தெரிந்தது. அதன் ஈர வாசனை என்னை ஒன்பது வயதுக்கு இழுத்துப் போனது.

அந்த வருடப் புயலில் கடல் ஏறி, எங்கள் ஊர்க் கிணறுகளெல்லாம் உப்பாகிவிட்டன. கைக்குழந்தையான தம்பி தாகத்தில் அழுதுகொண்டே இருந்தான். அலை அறுத்த மணல்மேட்டில், சுடுமண் வளையங்களை அடுக்கிக் கட்டிய பழைய கிணறொன்று வெளிப்பட்டிருந்தது. அம்மா அதற்குள் இறங்கி, தேங்காய்ச் சிரட்டையால் மணலை அள்ளினாள். தண்ணீர் ஊறியது. வாயில் வைத்துப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னம்மா, உப்பே?"

"இல்லைப் பிள்ளை, நல்ல தண்ணி. எந்தக் காலத்திலை ஆர் வெட்டினதோ!"

தம்பிக்குப் பருக்கிய பிறகு, வளையத்தைத் தொட்டுக் கும்பிட்டாள். கோயிலில்கூட அவள் அவ்வளவு நேரம் கண்மூடி நின்று நான் கண்டதில்லை.

இன்று நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கிட்டப் போனேன்.