எனக்குக் கிடைத்த எழுத்துகள்

மைசூரில் பதினெட்டு வருடம் நர்ஸாக வேலை பார்த்த பிறகு, சனிக்கிழமை மதியங்களில், மரபணுக்களைக் கணினியில் ஆராயும் உயிரித் தகவலியல் படிக்கப் போனேன். வகுப்பில் மற்றவர்களுக்கெல்லாம் என் மகள் வயது. ஜன்னலுக்கு வெளியே மழை தூறிக்கொண்டிருக்கும். திரையில் மரபணுவின் ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகள் மாறி மாறி இறங்கிக்கொண்டிருக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால், எது மழை, எது எழுத்து என்று தெரியாத ஒரு மயக்கம் வரும்.

ஒருநாள் ஆசிரியை ஆளுக்கொரு மரபணுத் தொடரைக் கொடுத்து, அது எந்த உயிருடையது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். என்னுடையதைக் கணினியில் தேடினேன். காசநோய்க் கிருமி என்று வந்தது.

பக்கத்தில் இருந்த கன்னடப் பெண் எட்டிப் பார்த்தாள். "எனக்கு வாழை வந்துச்சு அக்கா. உங்களுக்கு ஏனு, என்ன வந்துச்சு?"

"எனக்குத் தெரிஞ்சவங்கதாம்மா."

காசநோய் வார்டில் எத்தனையோ காலை வேளைகளில் பரிசோதனைக்கான சளி டப்பாக்களை வாங்கியிருக்கிறேன். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். அங்கிருந்த ஒரு லாரி டிரைவர், டப்பாவை நீட்டும்போதெல்லாம் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். குணமாகி வீட்டுக்குக் கிளம்பிய அன்று, "உள்ள என்னதான் இருந்துச்சு சிஸ்டர்?" என்று கேட்டார். "கிருமி" என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பிவிட்டேன்.

இப்போது அது என் முன்னால் வரிவரியாக, அமைதியாக, அழகாக இருந்தது. அழகு என்று நினைத்ததற்காகக் கூச்சமாகவும் இருந்தது.

"அடுத்தது குடுக்கட்டுமா?" என்று ஆசிரியை வந்து கேட்டார்.

"கொஞ்ச நேரம் இதையே பாத்துட்டு இருக்கேன் மேடம்" என்றேன்.

அவர் அடுத்த மேசைக்குப் போனார்.