எட்டாவது பொத்தான்

பேய் பிசாசு என்று பிள்ளைகள் பேசினால் அதட்டி உட்கார வைக்கிற டீச்சர் நான். பெயர் ஆனிமேரி. மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். அப்படிப்பட்ட எனக்கே நடந்தது இது. ஒரு வார்த்தைகூட கூட்டிச் சொல்லவில்லை. என்னோடு இருந்தவர் எங்கள் பள்ளி பி.டி. மாஸ்டர் ஆசீர்வாதம் சார். வேண்டுமானால் அவரைக் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லமாட்டார். எழுந்து போய்விடுவார்.

அந்த இடத்தின் பெயரை மட்டும் எழுதப் போவதில்லை. மேலூர் தாண்டி, வயல் எல்லாம் முடிந்து, கல் குவாரிகளும் முடிந்து, கடைசி டீக்கடையையும் தாண்டிப் போனால் மலையடிவாரத்தில் ஒரு காட்டுப் பூங்கா. வருகிறவர்களுக்காகப் புதிதாக ஒரு கூடம், கழிப்பறை, குடிநீர்த் தொட்டி, காட்டுக்குள் ஏறிப் பார்க்க உயரமாக ஒரு கோபுரம் எல்லாம் கட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். நாற்பது பிள்ளைகள். எங்கள் தலைமைச் சிஸ்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "மொதல்ல நீங்க போய் எல்லாத்தையும் ஒரு தடவை பார்த்துட்டு வாங்க மேரி."

போன வருடம் ஆகஸ்ட், ஒரு சனிக்கிழமை. ஆசீர்வாதம் சாருடைய காரில் போனோம். போய்ச் சேரும்போது மணி நாலரை.

வண்டி நிறுத்துகிற இடத்தில் எங்கள் காரைத் தவிர ஒரு சைக்கிள்கூட இல்லை. விடுமுறை நாள். அவ்வளவு பெரிய இடம். யாருமே இல்லை.

காக்கிச் சட்டை போட்ட ஒருவர் கேட்டிலிருந்து வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பெயர் ஜெயக்கொடி என்றார். பூங்காவைப் பார்த்துக்கொள்கிறவர் அவர் ஒருவர்தான். வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"எத்தன பேரு டீச்சர்?"

"நாப்பது பிள்ளைங்க."

"சின்னப் பிள்ளைகளா?" அவர் முகம் மாறியது. "இங்க என்ன டீச்சர் இருக்கு பாக்க? பேசாம அழகர்கோவிலுக்குக் கூட்டிட்டுப் போங்க. கொரங்காச்சும் இருக்கும்."

சம்பளம் வாங்குகிற இடத்துக்கு ஆள் வரக்கூடாது என்று ஒருவர் சொன்னால் என்ன நினைப்பது? எனக்கு அப்போதே உறுத்தியது. ஆசீர்வாதம் சார் என் பக்கம் குனிந்து, "ராத்திரியில திருட்டுக் கல்லு லாரி போகும்போல மேரிம்மா. ஆளு வந்தா அவங்களுக்கு இடைஞ்சல்" என்றார். இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன்.

கழிப்பறை சுத்தமாக இருந்தது. குழாயில் தண்ணீர் வந்தது. அடுத்து கூடத்துக்குள் போனோம். ஜெயக்கொடி வாசலோடு நின்றுகொண்டார்.

உள்ளே பாடம் செய்த மாதிரி சில மிருகப் பொம்மைகள். ஒரு மலையின் படம். சுவரில் ஒரு பெரிய பலகை. அதில் வரிசையாகப் படங்கள், ஒவ்வொரு படத்துக்குக் கீழும் ஒரு பொத்தான். மயில் பொத்தானை அமுக்கினால் மயில் அகவியது. நரி பொத்தானை அமுக்கினால் நரி ஊளையிட்டது. பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொன்றாக அமுக்கினேன்.

கடைசியாக எட்டாவது பொத்தான். மேலே இருந்த படத்தை யாரோ கிழித்திருந்தார்கள். பொத்தான்மேல் கறுப்பு டேப். ஒரு சுற்று இல்லை. சுற்றிச் சுற்றி, கை வலிக்க ஒட்டியிருந்தார்கள்.

பிள்ளைகள் முதலில் கை வைக்கப் போவது அதில்தான். டீச்சராக இருப்பவர்களுக்குத் தெரியும். உள்ளே ஏதாவது உடைந்திருக்கிறதோ என்று பார்க்க டேப்பை உரித்தேன். அமுக்கினேன்.

ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு... மூச்சு விடுகிற சத்தம்.

"யாருங்க உள்ள? இம்புட்டு நேரமா நிக்கிறேன்..."

ஆண் குரல். நம் பக்கத்துப் பேச்சு. தெளிவாக, பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி.

பறவைச் சத்தம் பதிவு செய்யப் போனவர் பேசியது தவறிப் பதிவாகியிருக்கும் என்று நினைத்துச் சிரித்தேன். திரும்பி, "இதை அழிச்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"அது வேல செய்யாது டீச்சர்."

"செய்யுதே."

ஜெயக்கொடி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சொல்லுச்சு?"

பதிவு செய்த குரல் எப்போதும் ஒன்றைத்தானே சொல்லும்? இவர் ஏன் என்ன சொன்னது என்று கேட்கிறார்? நான் யோசிப்பதற்குள் ஆசீர்வாதம் சார் வந்து தானும் அமுக்கினார்.

"சார்..." என்றது அதே குரல். "பாத்து வாங்க சார்."

சார் கையை எடுத்துவிட்டார்.

எனக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. யாரோ ஒளிந்துகொண்டு மைக்கில் பேசுகிறான். எங்களைப் பயமுறுத்தி அனுப்பப் பார்க்கிறார்கள். வெளியே போய்க் கூடத்தைச் சுற்றி வந்தேன். பின்பக்கம் ஒரு மோட்டார் ரூம். வெளியே பூட்டு. கதவில் காதை வைத்துக் கேட்டேன். சத்தமே இல்லை.

"கோபுரத்தையும் பார்த்துட்டுப் போயிடுறோம்" என்றேன்.

"கோபுரம் மூடியாச்சு. படி ஒடஞ்சிருச்சு."

மரங்களுக்கு மேலே கோபுரம் தெரிந்தது. படி நன்றாகத்தான் இருந்தது. இந்த ஆள் எதையோ மறைக்கிறார். எனக்கு உறுதியாகிவிட்டது.

நாங்கள் கிளம்பியதும் ஜெயக்கொடி பின்னாலேயே சிறிது தூரம் வந்தார். அதற்கு மேல் வரவில்லை. "ரெண்டு பேரும் சேந்தே போங்க. சேந்தே வாங்க" என்று மட்டும் சொன்னார்.

மணி ஐந்தே கால். வெளிச்சம் நன்றாக இருந்தது. ஒற்றையடிப் பாதை. இரண்டு பக்கமும் உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. போகப் போக ஒன்றைக் கவனித்தேன். காடு. சாயங்கால நேரம். கூடு திரும்புகிற பறவைகள் கத்தித் தீர்க்க வேண்டும். ஒரு குருவிகூடக் கத்தவில்லை.

"சார்..."

இடதுபக்கப் புதருக்குள்ளிருந்து. பொத்தானில் கேட்ட அதே குரல்.

"சார்... இங்கிட்டு வாங்க சார்."

"எவன்டா அது?" என்று கத்தினார் ஆசீர்வாதம் சார். "நீங்க இங்கயே நில்லுங்க மேரிம்மா. கையோட பிடிச்சிட்டு வாரேன்."

நான் தடுப்பதற்குள் புதரை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். செருப்புச் சத்தம் கேட்டது. சுள்ளி முறிகிற சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது.

"சார்... எங்க இருக்கீங்க?"

மறுபடி கூப்பிட்டேன். கத்தினேன். ஆறேழு தடவை கத்தியிருப்பேன். பைக்குள் இருந்த ஜெபமாலையைக் கை தேடியது. போனில் டவர் இல்லை. மணி ஐந்து நாற்பது.

"டீச்சர்... இங்கிட்டு வாங்க."

ஆசீர்வாதம் சாரின் குரல்! உயிர் திரும்பி வந்தது. ஆனால் குரல் வலது பக்கமிருந்து வந்தது. சுற்றிக்கொண்டு போயிருப்பார் என்று நினைத்து வலது பக்கப் புதரை விலக்கி நடந்தேன்.

"என்ன சார் ஆச்சு? அடி பட்டிருச்சா?"

"வாங்க டீச்சர். பாத்து வாங்க."

முள் சேலையைப் பிடித்தது. இழுத்துக்கொண்டு நடந்தேன். குரல் பக்கத்தில்தான் இருந்தது. இன்னும் நாலு எட்டு.

டீச்சர்.

அப்போதுதான் அந்த வார்த்தை உறைத்தது.

பதினோரு வருடமாக ஆசீர்வாதம் சாரோடு வேலை பார்க்கிறேன். அவர் என்னை ஒரு நாளும் டீச்சர் என்று கூப்பிட்டதில்லை. மேரிம்மாதான்.

நின்றேன்.

காலடியில் ஒரு கல் உருண்டது. செடிக்குக் கீழே போனது. சத்தம் இல்லை... சத்தம் இல்லை... பிறகு, எங்கேயோ கீழே, 'களுக்'.

தண்ணீர்.

"வாங்க டீச்சர்" என்றது முன்னால் இருந்த குரல்.

பின்னாலிருந்து ஒரு கை என் தோளைப் பிடித்தது.

"அசையாதீங்க மேரிம்மா."

அந்தக் கை வியர்த்து ஈரமாக இருந்தது. ஆசீர்வாதம் சார். உண்மையான ஆசீர்வாதம் சார். உள்ளே யாரையும் காணாமல் பாதைக்குத் திரும்பி வந்திருக்கிறார். நான் எதிர்ப்பக்கம் புதருக்குள் போவதைப் பார்த்து ஓடி வந்திருக்கிறார். எனக்கு முன்னால் இருந்த செடியை ஒரு கம்பால் விலக்கிக் காட்டினார். பழைய கல் குவாரி. செங்குத்தாக வெட்டிய பள்ளம். கீழே பச்சைத் தண்ணீர். என் காலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

கேட்டுக்கு ஓடினோம். ஜெயக்கொடி பாதை முனையிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ரெண்டு பேரும் வந்துட்டீகளா... ரெண்டு பேருந்தானா?"

"இந்தப் பள்ளத்துக்கு ஏன் வேலி இல்லை? அந்தப் பட்டனை ஏன் பிடுங்கிப் போடல?" என்று நான் கத்தினேன். அழுதேன் என்றும் சொல்லலாம்.

அவர் என்னைக் கூடத்துக்குள் கூட்டிப் போய், பலகையைச் சுவரிலிருந்து விலக்கிப் பின்பக்கத்தைக் காட்டினார். ஏழு பொத்தான்களிலிருந்து வயர் போனது. எட்டாவதில் வயரே இல்லை.

"வேலியும் போட்டோம் டீச்சர். போட்ட மறுநா காலையில கம்பியெல்லாம் தண்ணிக்குள்ள கெடக்கும்."

சுற்றுலாவை நிறுத்தினோம். ஏதாவது விவரம் கேட்க வேண்டியிருந்தால் என்று ஜெயக்கொடியின் நம்பரை மட்டும் வாங்கி வைத்திருந்தேன்.

பள்ளத்தில் விழுந்து செத்த யாரோ ஒருவனின் ஆவி என்று முடிவு கட்டினேன். அந்தக் குரலுக்கு உரியவன். நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. பெயர் தெரியாத அவனுக்காகவும் ஒரு பூசை ஒப்புக்கொடுத்தேன். மெழுகுவர்த்தி ஏற்றினேன். மனது கொஞ்சம் லேசானது.

இரண்டு வாரம் கழித்துப் பள்ளியில் பெற்றோர் கூட்டம். வகுப்பறையில் மார்க் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். கதவு சாத்தியிருந்தது. யாரோ தட்டினார்கள்.

"யாருங்க உள்ள? இம்புட்டு நேரமா நிக்கிறேன்..."

என் கையிலிருந்த தாள்கள் கீழே விழுந்தன.

அதே குரல். அதே வார்த்தை.

கதவைத் திறந்தேன். என் மாணவி ரோகிணியும் அவள் அப்பாவும். பெயர் சூரியபிரகாஷ். செக்கானூரணியில் உரக்கடை வைத்திருக்கிறார். உயிரோடு, நல்ல ஆரோக்கியமாக, கையில் ஹெல்மெட்டோடு என் எதிரில் நின்றார்.

ரோகிணியை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டேன். அந்தப் பூங்காவின் பெயரைச் சொன்னதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மே மாசம் போனோம் டீச்சர். நான் மட்டும் கோபுரத்துப் பக்கம் போனேன். ஒரு பொம்பள கொரலு, 'அண்ணே, இங்கிட்டு வாங்க'ன்னு கூப்புட்டுச்சு. போயிப் பள்ளத்துல விழுந்துட்டேன். செடியப் பிடிச்சுத் தொங்கி, அந்தக் காக்கிச் சட்டைக்காரருதான் தூக்கி விட்டாரு."

"அங்க நீங்க என்ன பேசினீங்க? இம்புட்டு நேரமா நிக்கிறேன்னு ஏதாவது சொன்னீங்களா?"

"அப்படியெல்லாம் எதுவும் சொல்லலையே டீச்சர். அந்தப் பொம்பள கூப்புட்டப்ப, 'யாரு?'ன்னு கேட்டேன். அந்த ஒரு வார்த்தைதான்."

ஒரு வார்த்தை. குரலை எடுத்துக்கொள்ள அது போதும் போலிருக்கிறது.

நான் அங்கே ஆறேழு தடவை கத்தியிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் வீட்டிலிருந்து ஜெயக்கொடிக்குப் போன் போட்டேன். "அண்ணே, நான் ஆனிமேரி டீச்சர் பேசுறேன்..."

மூச்சு மட்டும் கேட்டது.

"டீச்சர்... நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

"வீட்ல. மதுரையில."

"நெசமாவா டீச்சர்?"

"ஏண்ணே?"

"நாலு நாளா கோபுரத்துப் பக்கம் ஒங்க கொரலு கேக்குது."

"என்ன... சொல்லுது?"

"'பிள்ளைகளா, வரிசையா வாங்க. ஒருத்தரை ஒருத்தர் தள்ளாம வாங்க'ன்னு கூப்புடுது டீச்சர்."

அந்தக் காட்டில் நான் அப்படி ஒரு வார்த்தை பேசவே இல்லை. அது என் பள்ளிக்கூடத்தில், தினமும் காலை பிரேயர் முடிந்ததும், என் பிள்ளைகளிடம் நான் சொல்லுவது.

ஜெயக்கொடி அந்த மாதத்தோடு வேலையை விட்டுவிட்டார். பூங்கா இன்றைக்கும் திறந்துதான் இருக்கிறது.